கோரையைப் பாத்து எடுங்க

1

கனகம் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. தம்போய் கோயிலில் திவசம் கொடுத்துவிட்டு, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது இங்கே தங்குவதற்கான என் பாஸ் முடியப்போவது ஞாபகம் வந்தது. பெண்டாட்டியின் நினைவு நாளில் ஒரு மனிதனுக்கு வரவேண்டிய நினைப்பா இது? ஆனால் இங்கே எனக்கு இரண்டும் ஒன்றுதான். இருபது வருஷத்துக்கு மேல் நான் இந்த மலாய் நாட்டில் இருந்தது கனகத்தின் புருஷன் என்ற ஒரே தகுதியில். அவள் லாபிஸ் தோட்டத்தில் பிறந்தவள், இந்த நாட்டுக் குடிமகள். நான் முசிறிக்காரன், அவளை ஒட்டிக்கொண்டு இருந்தவன். அவள் கண்ணை மூடியதும் அந்தத் தகுதியும் மூடிக்கொண்டது. நிரந்தரமாகத் தங்க எழுதிப்போட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். இன்னும் அதிலேதான் இருக்கிறது.

அப்போது கை கொடுத்தவர் என் முதலாளி. சீனர். இங்கே முதலாளியைத் தவ்கே என்போம். பெக்கான் நானாஸ் பக்கம் செடிப் பண்ணை வைத்திருக்கிறார். நீரில் வளரும் செடிகளைப் பதியம் போட்டு, பாழாய்ப்போன குளம் குட்டைகளில் நட்டுக்கொடுப்பது அவர் தொழில். கோரை தெரிந்த ஆள் வேண்டும் என்று சொல்லி என் பெயரில் வேலை பாஸ் எடுத்துக் கொடுத்தார். அதுவும் அரசாங்கம் அவரிடம் ஒப்படைத்திருந்த ஒரு குளத்தை நம்பித்தான். நட்ட கோரை பிடித்துக்கொண்டால் அடுத்த குளங்களும் அவருக்கு வரும், என் பாஸும் நீளும். பிடிக்காவிட்டால் அவருக்கு ஒரு குளம் நஷ்டம். எனக்கு மகள் இருக்கிற நாடே நஷ்டம்.

மகள் பெயர் கயல்விழி. சிங்கப்பூரில் ஒரு அலுவலகத்தில் வேலை. இருட்டு விலகுமுன் கிளம்பி எல்லைப் பாலத்தைக் கடந்து போய், இருட்டியபின் திரும்புவாள். அங்கே அவளைக் கேல் என்று கூப்பிடுகிறார்களாம். போகட்டும், கூப்பிடாமல் இருப்பதற்குக் கூப்பிடுவது மேல்.

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இமிகிரேசன் ஆபீஸ் என்றால் என்னவென்று சொன்னால் புரியாது. நம் தாலுகா ஆபீஸுக்குக் குளிர்சாதனம் போட்டு, எல்லாரையும் மரியாதையாகப் பேசவைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும். திட்டினால் பதிலுக்காவது திட்டலாம். இங்கே புன்னகையோடு இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.

நான் முதன்முதல் அங்கே போனபோது நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள் கனகம். வந்த புதிதில் எனக்கு மலாய் ஒரு வார்த்தை தெரியாது. கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்து, இஸ்திரி மானா என்று கேட்டார். இஸ்திரி என்பது மட்டும் எனக்கு விளங்கியது. சட்டை கசங்கியிருக்கிறது, அதைக் கேட்கிறார் என்று நினைத்து, வீட்டில் இருக்கிறது, அவசரத்தில் போடாமல் வந்துவிட்டேன் என்று கையால் தேய்த்துக் காட்டினேன். மலாயில் இஸ்திரி என்றால் மனைவி. மனைவி எங்கே என்று கேட்டிருக்கிறார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த கனகம் எழுந்து ஓடிப்போய் வெளியே நின்று சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் துணி தேய்க்கும்போதெல்லாம், "உங்க மூத்தாளு சூடாயிட்டாளா?" என்பாள்.

இந்தத் தடவை போனபோதும் கவுண்டரில் அதே கேள்விதான். இஸ்திரி? இருந்தவள் சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். இறந்துவிட்டாள் என்று சரியான மலாயில் சொன்னேன். அவள் வருத்தம் தெரிவித்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனாள். இருபது வருஷமாய் மலாய் படித்ததன் பலன் இந்த ஒரு வாக்கியத்தைத் தப்பில்லாமல் சொல்வதுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

3

முசிறிப் பக்கம் கோரை ஒரு பயிர். நெல், வாழை மாதிரி கோரை. கிழங்கை வைத்து, காவிரித் தண்ணீர் பாய்ச்சி, வளர்ந்தால் அடியோடு அறுத்து, கிழித்து, ரோட்டோரம் காயப்போட்டு, பாய்க்கு அனுப்புவோம். மறுபடி துளிர்க்கும், மறுபடி அறுப்போம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கோரை கையை அறுக்கும், இடுப்பை ஒடிக்கும். அதிலிருந்து தப்பிக்கத்தான் நான் கப்பல் ஏறாத குறையாக இங்கே வந்தேன். எங்கள் வயலை அண்ணன் விற்றுவிட்டார். அதில் இப்போது பெட்ரோல் பங்க் நிற்கிறது. போன முறை போனபோது அங்கேயே நின்று பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தேன்.

இங்கே இருக்கிற செடி வேறு. மலாய்க்காரர்கள் கெர்சுட் என்பார்கள். இலை கிடையாது. பென்சில் மாதிரி உருண்ட தண்டு, உள்ளே காற்று. ஆள் உயரத்துக்கு வளரும். பெக்கான் நானாஸ் மண் கறுப்பு மண், செத்துப்போன காடு மட்கி உண்டான மண். அன்னாசி போடுவதற்காக வாய்க்கால் வெட்டி வெட்டி அதைக் காயவைத்துவிட்டார்கள். வெயில் காலத்தில் அது தானாகவே அடியில் கனலும், ஊரெல்லாம் புகை. அதனால் வாய்க்காலை அடைத்து, தண்ணீரைத் தேக்கி, அந்த மண்ணுக்குச் சொந்தமான செடிகளையே நட வேண்டும் என்று இப்போது திட்டம். தண்ணீர் தே ஓ நிறத்தில் இருக்கும். பால் ஊற்றாத டீயை இங்கே அப்படித்தான் கேட்டு வாங்குவோம். அந்தப் புளிப்புத் தண்ணீரில் மற்ற செடிகள் முகம் சுளிக்கும், கெர்சுட் நிற்கும்.

நாற்று எந்த ஊர் வேரிலிருந்து எடுத்தது, இந்த மண்ணில் பிறந்ததுதானா என்றெல்லாம் அதிகாரிகள் விசாரிப்பார்கள். செடிக்கும் எனக்கும் ஒரே விசாரணை என்று எழுதினால் நீங்கள் ரசிப்பீர்கள். எனக்கு ரசிக்கத் தெம்பில்லை. செடி பாஸாகிவிடும்.

எனக்கு அது கெர்சுட் என்று வாயில் வரவே வரவில்லை. முதல் நாளிலிருந்தே கோரை என்றுதான் சொன்னேன். என்னோடு வேலை செய்த பெண்களும் கோரை என்றே சொல்லப் பழகினார்கள். அவர்களில் மூத்தவர் அஞ்சலை அக்கா. லாபிஸில் கனகத்தோடு ஒரே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தோட்டம் கைமாறியபின் தம்போயில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். தினமும் காலையில் தவ்கேயின் வேனில் நாங்கள் ஒன்றாகத்தான் போவோம். போகும் வழியெல்லாம் கனகத்தின் சின்ன வயசுக் கதைகளைச் சொல்லிக்கொண்டு வருவார். எனக்குத் தெரியாத கனகம் ஒருத்தி அந்த வேனில் தினமும் வந்தாள்.

குளத்தில் கோரை பிடித்துவிட்டது. நரைத்த பச்சையில் வரிசை வரிசையாக நின்றது. நடுவில் எருமைப்புல் மட்டும் பரவிக்கொண்டிருந்தது. விட்டால் அது கோரையை மூடிவிடும். சோதனைக்கு அதிகாரி வர இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. அதற்குள் எருமைப்புல்லைக் கையால் களைந்துவிட வேண்டும். அந்த வாரத்தில் பார்த்து எனக்கு இமிகிரேசனில் நாள் கொடுத்திருந்தார்கள்.

4

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இமிகிரேசன் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது அஞ்சலை அக்காவிடமிருந்து போன் வந்தது. இன்றைக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் காவலர் கையைக் காட்டினார், உள்ளே போனில் பேசக்கூடாது. வைத்துவிட்டு, வாய்க்குக் கிட்டே பிடித்து ஒரு குரல் செய்தி அனுப்பினேன். அதற்குள் என் எண்ணும் திரையில் வந்துவிட்டது. நான் சொன்னது இவ்வளவுதான்.

"அக்கா, கோரையப் பாத்து எடுங்க."

நான் சொன்னது, புல்லைப் பிடுங்கும்போது கோரை மேல் ஒரு கண் இருக்கட்டும் என்று. புல் என்ற வார்த்தை என் மனசில் இருந்தது, வாயில் வரவில்லை. அவர்கள் காதில் விழுந்தது, கோரையைப் பத்திரமாக எடுங்கள் என்று. அதற்கு முந்தின வாரம்தான், கோரையை ஆழமான பக்கம் மாற்றி நட வேண்டியிருக்கும் என்று நானே அவர்களிடம் பேசியிருந்தேன். நாற்றைப் பறித்து இன்னோர் இடத்தில் நடப்போகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். தமிழ் தெரியாத ஆளாக இருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்கவே முடியாது. மலாயில் சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது. நானும் தமிழ், அவர்களும் தமிழ், அதுதான் வினை.

மத்தியானம் தாண்டிக் குளத்துக்குப் போனேன். கரை நெடுகக் கோரைக் கட்டுகள். வேரோடு, மண்ணோடு, ஒரே அளவாகச் சேர்த்து, வாழை நாரால் கட்டி, தலை ஒரு பக்கம் வேர் ஒரு பக்கமாக அடுக்கியிருந்தார்கள். அத்தனை அழகாக அடுக்கிய கோரையை நான் முசிறியிலும் பார்த்ததில்லை. உச்சி வெயில் அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது. குளத்தில் எருமைப்புல் மட்டும் செழிப்பாக நின்றது.

அஞ்சலை அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"பாத்துத்தான் எடுத்தோம் தம்பி. ஒரு வேரு அறுகல. எங்க லா நடப் போறோம்?"

ஒரு கட்டைத் தூக்கினேன். வேரைச் சுற்றியிருந்த கறுப்பு மண் காய்ந்து மாவாக உதிர்ந்தது. அந்த மண் ஒரு தடவை காய்ந்துவிட்டால் லேசில் தண்ணீரைக் குடிக்காது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்துத்தான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. அஞ்சலை அக்கா போனை எடுத்து என் குரலையே மறுபடி போட்டுக் கேட்டார். கோரையப் பாத்து எடுங்க. இன்னொரு தடவை போட்டார். எப்படிக் கேட்டாலும் அவர்கள் புரிந்துகொண்டதுதான் சரி. எல்லாரும் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினோம்.

5

ஞாயிற்றுக்கிழமை கயலும் வந்தாள். நான் கூப்பிடவில்லை. அஞ்சலை அக்கா போனில் சொல்லியிருக்கிறார். நகத்துக்குப் பூசிய சாயத்தோடு, என் பழைய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, தே ஓ தண்ணீரில் இடுப்பளவு நின்றாள். நான் கம்பியால் குழி போட, அவள் கோரையை உள்ளே வைத்து மிதித்தாள். சின்ன வயதில் என்னோடு வயலுக்கு வந்த பிள்ளை இல்லை அவள், அடுக்குமாடியில் வளர்ந்தவள். இருந்தும் நன்றாக மிதித்தாள்.

ஒரு வரிசை முடிந்ததும், இது செத்துப்போனால் உங்களை அனுப்பிவிடுவார்களா என்று கேட்டாள். அதெல்லாம் இல்லை என்றேன். என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது. அவள் அடுத்த கோரையைக் கையில் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்பா, நான் அங்க ரூம் பாத்துட்டேன். ஃபிரண்டு கூட ஷேர். டெய்லி ஜாம்ல நிக்க முடியல பா. வீக்கெண்ட் வந்துருவேன்."

எப்போது பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. அம்மா இருந்தபோதே தேட ஆரம்பித்திருப்பாள், சொல்லியிருக்கமாட்டாள். அவள் மேல் கோபப்பட எனக்கு உரிமையில்லை. பெற்றவர்களை விட்டுவிட்டுக் கடல் தாண்டியவன், பாலம் தாண்டுகிறவளை என்ன சொல்வது? ஆனால் வலித்தது. வாரக் கடைசி என்ற இரண்டு நாளுக்காகத்தான் நான் இந்தச் சேற்றில் நின்று உயிரை விடுகிறேன் என்பது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. வார நாட்கள் போகட்டும், அந்த இரண்டு நாளை யாரும் பிடுங்கக்கூடாது என்று அந்தக் குளத்தில் நின்று வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியை என்று எனக்கே தெரியாது.

வழக்கமாகக் காலையில் அவள் கிளம்பும்போது, போறேன்பா என்பாள். போறேன் என்று சொல்லக்கூடாது, வரேன் என்று சொல் என்று நான் திருத்துவேன். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதே கதைதான். இங்கிலீஷில் பை, மலாயில் ஜாலான் டுலு, தமிழில் போறேன். பார்த்துப் போய்விட்டு வா என்று நான் அனுப்பிவைப்பேன். அந்த வாரம் முழுதும் எனக்குப் பார்த்து என்ற வார்த்தையே வாயில் வரவில்லை. சும்மா தலையை ஆட்டி அனுப்பினேன்.

நட்டு முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை என்று ஊரே சொன்னது. எனக்கு அது நல்ல மழையாகப் படவில்லை. கட்டும்போதும் தூக்கும்போதும் பாதித் தண்டுகள் ஒடிந்திருந்தன. அந்தச் செடி தண்டின் வழியாகத்தான் வேருக்கு மூச்சு விடும். ஒடிந்த இடத்துக்கு மேல் தண்ணீர் ஏறினால் உள்ளே நிரம்பி மூழ்கிச் சாகும். தினமும் வேனிலிருந்து இறங்கியதும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். பச்சை மஞ்சளானது, மஞ்சள் பழுப்பானது. மதகுப் பலகையைத் தூக்கிக் கொஞ்சம் தண்ணீரை வடித்தோம், மழை மறுபடி நிரப்பியது.

சோதனைக்கு முந்தின நாள் வேனில் அஞ்சலை அக்கா கனகத்தின் கதை எதுவும் சொல்லவில்லை. இறங்குகிற இடம் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க மேல போடுங்க தம்பி. கிழவிங்க, தெரியாம பிடுங்கிட்டாங்கன்னு சொல்லுங்க. எங்கள எங்க அனுப்புவாங்க? இதே தம்போய்க்குத்தான."

எனக்கு ஆசை வந்தது. பொய் சொல்வானேன், நாக்கு நுனிவரை வந்தது. அவர்கள் மேல் போட்டால் தவ்கேக்கு ஒரு சாக்குக் கிடைக்கும், மறுபடி நட அவகாசம் கேட்கலாம், எனக்கு ஒரு வருஷம் கிடைக்கும். கனகம் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். அவள் என்னைத்தான் திட்டியிருப்பாள். நான் சொன்னதைத்தானே அக்கா செய்தீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டேன்.

6

சோதனைக்கு வந்தவர் ஒரு மலாய் அம்மா. முக்காட்டுக்கு மேல் வெயில் தொப்பி, முழங்கால்வரை பூட்ஸ். தவ்கே அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அந்த அம்மா கரையெல்லாம் நடந்தார், தண்ணீரில் இறங்கினார், ஒரு கோரையைப் பிடித்து லேசாக இழுத்தார். அது சொன்னபடி கேட்கும் பிள்ளை மாதிரி கையோடு வந்தது. அடி அழுகியிருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டுத் தண்ணீரில் போட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அஞ்சலை அக்கா முன்னால் போய்விட்டார். தோட்டத்து மலாயில், நாங்கள்தான் பிடுங்கினோம், இந்த ஆள் மேல் தப்பில்லை, மனைவி செத்தவர், நன்றாக நட்டவர் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மன்னிக்க வேண்டும் பாக்சிக் என்றார். மலாயில் பெரியப்பா என்கிற மாதிரி. யார் நட்டது, யார் பிடுங்கியது என்று எழுதப் படிவத்தில் இடமில்லை, நிற்கிறதா இல்லையா என்றுதான் எழுத முடியும் என்றார். அவர் நல்லவர். இத்தனை நல்லவர்கள் சேர்ந்து ஒரு மனிதனை எப்படித்தான் வெளியே அனுப்புகிறார்களோ.

செடி நடுவதை விட்டுவிட்டு, குளத்துக்குக் கான்கிரீட் கரை கட்டப்போகிறார்களாம். தவ்கே எல்லாருக்கும் தே ஓ வாங்கிக் கொடுத்தார். என் தம்ளரை என் கையிலேயே கொண்டுவந்து வைத்து, இந்த முறை உன் பாஸுக்கு என்னால் கையெழுத்துப் போட முடியாது, வேலை இருந்தால்தானே என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அவரை ஆறுதல்படுத்த வேண்டியதாயிற்று.

7

இதன் கடைசிப் பகுதியைக் கோலாலம்பூர் விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்போய் வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று. கனகத்தின் சேலைகளை அஞ்சலை அக்கா வாங்கிக்கொண்டார். இஸ்திரிப் பெட்டியைக் கயல் எடுத்துக்கொண்டாள். அங்கே ரூமில் ஒன்று இருக்கிறதே என்றேன். இருக்கட்டும் என்றாள்.

முசிறிக்குப் போய் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அண்ணன் மாடியில் ஓர் அறை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். விருந்தாளியாக இங்கே வரலாம், அதற்குச் சட்டம் இடம் தருகிறது. வந்து எங்கே இறங்குவது? மகள் பாலத்துக்கு அந்தப் பக்கம், நண்பியோடு பங்கு போட்ட ஒரு கட்டில் அறையில். மனைவியின் சாம்பல் கடலில். இந்த நாட்டில் எனக்கென்று கதவு திறக்க ஒரு சாவிகூட இல்லை. நேற்றுவரை இருந்த சாவியையும் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

கோலாலம்பூருக்கு நான் பஸ் ஏறிய லார்க்கின் நிலையத்துக்குக் கயல் வந்திருந்தாள். வேலைக்கு அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். பெட்டியைப் பஸ்ஸின் அடியில் அவளே தள்ளினாள். தண்ணீர் பாட்டில், மாத்திரை, சார்ஜர் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். கனகத்தின் குரல் அவள் தொண்டைக்குள் எங்கேயோ இருக்கிறது, அன்றைக்குத்தான் கேட்டேன். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் படியில் ஏறித் திரும்பினேன். எவ்வளவோ பேச வேண்டும் என்று இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"போறேன்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுகிற முகம்தான், ஆனால் குரல் அழவில்லை.

"போறேன்னு சொல்லக் கூடாதுப்பா. வரேன்னு சொல்லுங்க."

வரேன் என்று சொன்னேன். எந்த வீட்டுக்கு என்று அவள் கேட்கவில்லை.